எத்திலீன் குளோரோஹைட்ரின்: கையுறையையும் கடக்கும் நஞ்சு

சுவா வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவும் தொழிலாளர்கள், பால் கூடுதலாக வடிவதற்குப் பட்டையில் பூசப்படும் எத்திஃபோன் மருந்தை அறிவர். அம்மருந்திலுள்ள 'குளோரோஎத்தில்' என்னும் பகுதியைத் தன்னுள் கொண்ட மற்றொரு பொருளே எத்திலீன் குளோரோஹைட்ரின். இதனை 2-குளோரோஎத்தனால் என்றும் வழங்குவர். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்வோம்.

இதன் தன்மை யாது?

கள்ளிலும் சாராயத்திலும் உள்ள மதுசாரத்தில், ஒரு ஹைட்ரஜன் அணுவின் இடத்தில் குளோரின் அணு அமைந்தால் அதுவே இப்பொருள். நிறமற்ற நீர்மம், நீரைப்போல் 1.2 மடங்கு கனமுடையது. நீருடன் முழுதும் கலக்கும். ஏறத்தாழ 128 பாகை செல்சியசில் கொதிக்கும். மணம் மெல்லியது. ஆதலால் மூக்கை நம்பி ஆபத்தை உணர இயலாது.

பயன்கள் யாவை?

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வூர்ட்ஸ் இதனைக் காரத்துடன் சேர்த்து எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயுவைப் பெற்றார். பின்னர்த் தொழிற்சாலைகளும் அம்முறையைக் கையாண்டன. சாயம், மருந்து முதலியவற்றின் தயாரிப்பிலும் இது இடைப்பொருளாகும்.

எத்திலீன் ஆக்சைடு கிருமிகளை அழிக்கும். ஆனால், அது குளோரைடு உப்புடன் சேரும்போது இந்நஞ்சு மீண்டும் உருவாகும். 2020ஆம் ஆண்டில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடின் எச்சம் கண்டறியப்பட்டு, ஐரோப்பாவில் பல உணவுப் பொருள்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அங்கு எச்சத்தை அளக்கையில் இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிடுவர்.

நாம் கவனிக்க வேண்டியது

நாம் சேகரிக்கும் பாலிலிருந்து உருவாகும் ரப்பர்க் கையுறை பலவற்றிலிருந்து நம்மைக் காக்கும். இந்த நீர்மமோ அதனை எளிதில் ஊடுருவித் தோல் வழியே உடலில் சேரும். தோலில் எரிச்சல் தோன்றாமலே உடல் நஞ்சை ஏற்கக்கூடும். தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம், உயிரிழப்பும் நேரலாம்.

தோட்டத்தை விட்டு ஆலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம். கலத்தின் மீது சிவப்புக் கட்டத்துள் மண்டையோட்டுக் குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். எத்தகைய கையுறை ஏற்றது என்பதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டறிய வேண்டும். மேலே பட்டுவிட்டால் உடையையும் கையுறையையும் உடனே களைந்து, நிறைய நீரால் கழுவி, வலி இல்லையெனினும் தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும். கலத்தின் பெயரை மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

கையுறை அணிவது நல்ல பழக்கம்; எப்பொருளுக்கு எக்கையுறை என்று அறிந்து அணிவதே முழுப் பாதுகாப்பு.