தேய்ந்த ரோமானியக் காசை அடையாளம் காண்பது

கேள்வி: பழைய ரோமானிய வெண்கலக் காசு எந்தப் பேரரசருடையது என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது அளவு. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் செஸ்டர்ஷியஸ் 30 மி.மீ.க்கு மேல் அகலமும் ஏறத்தாழ 25 கிராம் எடையும் கொண்ட பித்தளைக் காசு. அதன் பின்புறத்தில் பெரும்பாலும் செனட்டைக் குறிக்கும் ‘எஸ் சி’ எழுத்துகள் இருக்கும். நான்காம் நூற்றாண்டுக் காசுகளோ பல வேளைகளில் 20 மி.மீ.யைக்கூட எட்டுவதில்லை.

முன்புறத்தில் தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் பேரரசரின் பெயர் இருக்கும். அது ‘டி என்’ என்று தொடங்கினால் காசு பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. பெயர் தேய்ந்திருந்தால் பின்புறமே துணை. சொல்லப்போனால், முகத்தைவிட அதுவே நம்பகமானது. கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ஆனால் இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் காலம் 330-335. ஒரே கொடி என்றால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். விழுந்த குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் காட்சி 348க்குப் பிந்தியது.

அடியிலுள்ள சிறிய எழுத்துகள் அக்கசாலையைக் காட்டும்: ‘ஏ எல் இ’ என்றால் அலெக்சாந்திரியா, ‘ஏ என் டி’ என்றால் அந்தியோக்கியா. இத்தகைய சிறுகாசுகள் கரூர், மதுரை, இலங்கை ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளன. இலங்கையில் உள்ளூர்ப் போலிகளும் கலந்திருப்பதால், அங்கே எழுத்து சிதைந்திருப்பதற்குத் தேய்மானம் மட்டுமே காரணமல்ல.