சாணக்கியபுரியில் ஒரு கேள்வி

சென்ற மாதம் பேரனை டெல்லி சாணக்கியபுரியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். நீராவி இஞ்சினைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று தயாராக இருந்தேன். அவனோ, "எதிரிக்கு விஷம் வைக்கலாம்னு எழுதினவர் பேரையா தாத்தா இந்த இடத்துக்கு வச்சிருக்காங்க?" என்றான். நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன். வடமொழிப் பண்டிதன் அல்லன். ஆயினும் ஓய்வு பெற்ற பின் அர்த்தசாஸ்திரத்தை மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

கௌடில்யர் என்னும் சாணக்கியர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சந்திரகுப்த மௌரியனின் அமைச்சராக இருந்தார் என்பது மரபு. நூல் பிற்காலத்தில் பல கைகள் பட்டு இன்றைய வடிவம் பெற்றது என்பர் ஆய்வாளர் பலர். நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்திடம் கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905-இல் அதை இன்னதென்று கண்டறிந்து, 1909-இல் அச்சிட்டார்.

ஆனால் நூலைப் பற்றிய வழக்கு மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டிலேயே பாணர் தமது காதம்பரியில் இது இரக்கமற்ற சாஸ்திரம் என்று கண்டித்தார். 1919-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர், இதனோடு ஒப்பிட்டால் இத்தாலியின் மாக்கியவெல்லி எழுதிய நூல் சாதுவானது என்றார்.

அப்படி என்ன இருக்கிறது? துறவி, வணிகர், மாணவர் வேடங்களில் ஒற்றரை உலவ விடச் சொல்கிறது. கஜானா வற்றிப்போனால், இரவோடிரவாக ஒரு தெய்வத் தலத்தை எழுப்பி, தானே தோன்றிய அதிசயம் என்று பரப்பிக் காணிக்கை திரட்டவும் வழி சொல்கிறது. அதே நூல்தான் குடிகளின் நலமே அரசனின் நலம் என்கிறது; அதிகாரிகள் அரசுப் பணத்தைத் திருடும் நாற்பது வழிகளையும் பட்டியலிடுகிறது. கஜானாவை நிரப்பும் தந்திரங்களைத் துரோகிகளிடமும் அறமில்லாதவர்களிடமும் மட்டுமே கையாள வேண்டும் என்று எல்லையும் கட்டுகிறது.

துரோகி யார் என்று தீர்மானிப்பவர் யார்? அரசனேதான். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. திருக்குறளிலும் ஒற்றாடல் அதிகாரம் உண்டு. ஆனால் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

பேரனிடம் ஒரு பழைய கதையையும் சொன்னேன். நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தபோது கிளிப்புகள் அடிக்கடி திருடு போயின. கேங்மேன் ஒருவரை ரகசியமாக ஒற்றராக வைத்தேன். பத்தே நாளில் திருடன் பிடிபட்டான். எனக்குப் பாராட்டும் கிடைத்தது. ஆனால் விஷயம் கசிந்துவிட்டது. அதன்பின் என்னைக் கண்டாலே ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம், "ஐயா, அந்த வெல்டுல ஏதோ கோடு மாதிரி தெரியுது" என்று தாமாகவே வந்து சொல்வார்கள். அதுவும் நின்றுபோனது. ஒருநாள் நானே நடந்து போகையில் ஒரு விரிசலைக் கண்டேன். இரண்டு நாளாகத் தெரியுமாம். யாரும் வாய் திறக்கவில்லை. வண்டி கவிழாதது தெய்வச் செயல். கிளிப்பைக் காத்து நம்பிக்கையைப் பறிகொடுத்திருந்தேன்.

"அப்போ அந்தப் புத்தகம் தப்பா தாத்தா?" என்றான் பேரன்.

"அது சொல்ற வழி பலிக்கும்டா. அதனாலதான் பயம். பலிச்ச பிறகு என்ன விலை கொடுத்தோம்னு கணக்குப் பார்க்கணும்" என்றேன்.

நம் பிள்ளைகள் சாணக்கியரைப் பள்ளியில் படிக்கிறார்கள், தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அவருடைய சாமர்த்தியத்தோடு அவர் மீதுள்ள இந்த வழக்கையும் வீட்டில் சொல்லிக் கொடுப்போம். தீர்ப்பை அவர்களே எழுதட்டும்.