வார்டு குழுவில் குடியிருப்போருக்கு இடம்

கேள்வி: ஸ்ரீவராகம் போன்ற நகரப் பகுதிகளில் குடியிருப்போர் சங்கங்களுக்குச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: உண்டு. வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சூழ்ந்த ஸ்ரீவராகம், திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு உட்பட்டது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களை, அதாவது உள்ளூர்த் தேவைகளை மாமன்ற உறுப்பினருடன் மக்கள் கலந்துபேசும் அமைப்புகளைக் கட்டாயமாக்கியது. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் அக்குழுக்களில் குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடமளித்தது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கமோ, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் ‘அயல்கூட்டம்’ என்னும் அடிப்படை அலகின் வழியாகச் சேமிப்பையும் ஊர்ச்செய்தியையும் வீடுதோறும் கொண்டுசேர்க்கிறது. ஆகவே, குடிநீர், குப்பை, தெருவிளக்கு பற்றிய குறைகளை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல், எழுத்தில் வார்டு குழுவின்முன் வைப்பது வாசகர்களின் உரிமையும் கடமையும் ஆகும்.