தொட்டறியும் தோல்

கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரத்தை அடுத்துள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. களிமண் குழம்பை அச்சில் ஊற்றி வார்த்த பொம்மையில், அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று நிற்கும். அதனைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்த பின்னும் எஞ்சும் சிறு மேடு கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். விரல் நுனிக்குத் தப்பாது. சூளைக்குச் செல்லுமுன் பிழை காணும் கருவி, தொழிலாளியின் தோலே.

உடலின் மிகப்பெரிய உறுப்பாகிய தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். இதன் அடிப்பகுதியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் நிறைந்து, இறந்து உதிர்கின்றன. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களும் அந்த அடிப்பகுதியிலேயே உள்ளன. மேல்தோலில் குருதி நாளங்கள் இல்லை. அதன் கீழுள்ள உள்தோலில் குருதி நாளங்கள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள், நரம்பு முனைகள் ஆகியன அமைந்துள்ளன. அதற்கும் கீழே கொழுப்புப் படலம் உண்டு.

வெப்பமும் வியர்வையும் மிகுந்த இடங்களில் பூஞ்சையால் தேமலும் படர்தாமரையும் எளிதில் வருகின்றன. மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் படர்தாமரையின் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ மேலும் பரவும். சிரங்கை உண்டாக்குவது தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணி. அரிப்பு இரவில் மிகும். வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் மருந்து பூசாவிடில் அது திரும்ப வரும்.

இவற்றினும் மிகுந்த துயரம் தருவது, வெளிறிய ஒரு திட்டைக் கண்டதும் ஊர் சொல்லும் தீர்ப்பு. வெண்புள்ளியில் நிறமிச் செல்கள் அழிகின்றன. அவ்விடம் பால்போல் வெளுக்கிறது. ஆயினும் தொடு உணர்வு குறைவதில்லை. அது தொற்றுவதும் இல்லை. தொழுநோய்த் திட்டோ சற்றே வெளிறியோ சிவந்தோ இருக்கும், உணர்ச்சி மங்கியிருக்கும். நோயாளியைக் கண்மூடச் செய்து, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது எளிய சோதனை. கண் மயங்கும் இடத்தில் இங்கும் தொடுதலே வழிகாட்டுகிறது.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873இல் கண்டறிந்தார். அது நரம்புகளைத் தாக்குகிறது. நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், உணர்ச்சியற்ற விரல்கள் தீக்காயங்களாலும் கவனிக்கப்படாத புண்களாலுமே சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் இயங்கவும் வைத்தார். வலி இல்லாமை வரமன்று என்பதை அக்கைகள் உணர்த்தின. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து நோயை முற்றிலும் குணப்படுத்துகிறது; அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வெண்புள்ளிக்கு ‘வெண்குட்டம்’ என்ற பழம்பெயர் இருந்தது. குட்டம் என்பது தொழுநோயைக் குறிக்கும் சொல். தொடர்பில்லாத இரு நோய்களை ஒரு சொல் பிணைத்துவிட்டது. எத்தனையோ திருமணங்கள் அச்சொல்லால் நின்றன. வெண்புள்ளி என்றே வழங்குமாறு தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பேச்சு வழக்கில் பழைய பெயர் இன்னும் முற்றிலும் மறையவில்லை.