அன்றன்றைய முறை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திற்கு அருகே, ஸ்ரீபத்மநாபசுவாமி திருக்கோயிலில் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை முறைஜபம் நடைபெறுகிறது. 56 நாட்கள் வேதபாராயணம். எட்டெட்டு நாட்களாக ஏழு ‘முறை’கள். எத்துணைப் பெரிய பணியாயினும் அன்றைய பகுதியே அன்றைய கடமை.

இல்லறத்தாரின் பட்டியலில் இந்தப் பகுப்பு இல்லை. மின்கட்டணமும் தாயாரின் கண் சிகிச்சையும் நாள் குறிக்கப்படாமல் ஒரே தாளில் கிடக்கின்றன. சிறியது முடிகிறது, தாயார் காத்திருக்கிறார்.

முடிவுறாத பணிகளே மிகுதியும் நினைவில் நிற்பதாக உளவியலாளர் ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பணி முடியாவிடினும், எப்போது, எவ்வாறு செய்வது எனத் திட்டமிட்டாலே அந்த உறுத்தல் தணிவதை மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் கண்டனர்.

ஆகவே அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. நாளைய தாளுக்கு மூன்று போதும். நான்காவது பெரும்பாலும் ஆசையே. முதல் வரி: ‘வியாழன், காலை பத்து மணி, அம்மாவுடன் கண் மருத்துவமனை’.