உடம்பில் பல கட்டிகள் இருந்தால் எந்தக் கட்டியைக் கவனிப்பது?



இந்த முறை உடல்நலப் பகுதியில் அதிகம் பேசப்படாத ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பெயர் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ். டாக்டர்கள் சுருக்கமாக என்.எஃப். என்பார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆளைச் சொன்னால் உங்களுக்கே புரியும். முகம், கை, முதுகு எங்கும் மிளகு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை மெத்தென்ற கட்டிகள் இருக்கும். பஸ்ஸில், சந்தையில் இப்படி ஒருவரைப் பார்த்திருப்போம். பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தும் இருப்போம்.

எங்கள் குழு ஒன்றிலும் இதுதான் நடந்தது. கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது ஒரு சகோதரி மட்டும் வாசப்படி ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். சேமிப்பு, கடன் தவணை எதிலும் ஒரு நாள் தவறாதவர். ஆனால் அவர் டீ போட்டுக் கொடுத்தால் பாதிப் பேர் "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டால், "அது பெரிய வியாதிங்க" என்று காதோரம் சொன்னார்கள்.

இது தொழுநோய் இல்லை. தொழுநோயில் வரும் தேமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும், அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். என்.எஃப். உள்ளவருக்குப் பால் கலந்த காப்பி நிறத்தில் மச்சம் போலப் படை இருக்கும், தொட்டால் நன்றாகத் தெரியும். (தொழுநோயாகவே இருந்தாலும் அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரையிலேயே குணமாகிவிடும். யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டிய காலம் இல்லை இது.) என்.எஃப். தொட்டாலும் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. உடம்பில் கட்டி வளராமல் அடக்கி வைக்கும் ஒரு மரபணுவில் பிறவியிலேயே ஏற்பட்ட பழுதுதான் காரணம். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பாதிப் பேருக்குத் தாய் அல்லது தகப்பனிடமிருந்து வருகிறது. மீதிப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருகிறது. கிரகணத்தில் வெளியே போனதாலோ, யாருடைய சாபத்தாலோ வருவதில்லை.

அந்தச் சகோதரியிடம் தனியாகப் பேசினோம். கட்டிகளைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. "எங்க அம்மாவுக்கும் இருந்துச்சுங்க, பழகிப்போச்சு" என்றார். பிறகு பேச்சுவாக்கில், "தொடையில இருக்கறது மட்டும் ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. நடக்கும்போது செருப்பு கழன்டு போறதுகூடத் தெரியலைங்க" என்றார். அந்தக் கட்டி பல வருடமாக மெத்தென்றுதான் இருந்ததாம். மூன்று மாதத்தில் பெரிதாகிக் கல் மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் வீட்டாருக்கும் அது "எப்பவும் இருக்கறதுதானே".

சகோதரிகளே, இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தோலின் மேல் இருக்கும் சின்னச் சின்னக் கட்டிகள் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆழத்தில் பெரிய நரம்பைச் சுற்றி வளரும் கட்டிதான் சிலருக்கு மாறுகிறது. இந்த நோய் உள்ள 100 பேரில் சுமார் 10 பேருக்கு வாழ்நாளில் இப்படி நேரலாம். பழைய கட்டி திடீரென வளர்ந்தால், மெத்தென்று இருந்தது இறுகினால், ஓயாமல் வலித்துத் தூக்கத்தைக் கெடுத்தால், கை கால் மரத்துப்போனால் அல்லது பலம் குறைந்தால் தள்ளிப்போடக் கூடாது. இதில் ஒன்று இருந்தாலே போதும், அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும்.

அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எவ்வளவு ஆழம், எந்த நரம்பைத் தொடுகிறது என்பது அதில் தெரியும். பிறகு பெட் ஸ்கேன். கட்டியில் எந்தப் பகுதி சந்தேகமானது என்று அது காட்டும். அந்த இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் புற்று என்று உறுதியானது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து அறுவை செய்து, கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். காலில் கொஞ்சம் பலவீனம் நின்றுவிட்டது. ஆனால் நடக்கிறார், மாட்டுக்குப் புல் அறுக்கிறார், சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போகிறார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்பு முழங்கையில் இருந்த கட்டியை டவுனில் ஒரு கிளினிக்கில் "கொழுப்புக்கட்டி" என்று சொல்லி வெட்டி எடுத்திருக்கிறார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. சுண்டுவிரல் மடங்கியது மடங்கியதுதான். இந்தக் கட்டி நரம்பு இழைகளோடு பின்னிக்கொண்டு வளர்வது, கொழுப்புக்கட்டி மாதிரி சுலபமாக உருவி எடுக்க முடியாது. ஸ்கேன் பார்த்து, நரம்பு அறுவையில் அனுபவம் உள்ளவர்தான் தொட வேண்டும். எடுத்த பிறகு "சதையை டெஸ்ட்டுக்கு அனுப்புனீங்களா?" என்று நாமே கேட்க வேண்டும். தொந்தரவு தராத கட்டிகளை அப்படியே விட்டுவிடலாம். பச்சிலைக் கட்டு, சூடு வைப்பது எதுவும் கட்டியைக் கரைக்காது, புண்தான் மிஞ்சும். அறுவை செய்ய முடியாத ஆழக் கட்டிகளைச் சுருக்கும் மாத்திரை இப்போது உண்டு. செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக அனுமதி கொடுத்தார்கள். விலை மிக அதிகம், புற்றாக மாறிய கட்டிக்கும் அது உதவாது.

அவருடைய மகனுக்கு ஐந்து வயது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் எட்டுக் காப்பி நிறப் படைகள், அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சிறு பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது மிளகை விடப் பெரிதாக, ஆறு படைகள் இருந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டிகள் பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில்தான் கிளம்பும், கர்ப்ப காலத்தில் கூடும். அதற்கு முன்பே பார்வை நரம்பில் கட்டி வரலாம் என்பதால் பிள்ளைக்கு வருடம் ஒரு முறை கண் பரிசோதனை அவசியம். படிப்பில் பின்தங்கினால் அடிக்காதீர்கள், அதுவும் இந்த நோயோடு வரக்கூடியது. பெண்களுக்கு மார்பகப் புற்று இளவயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம். அதனால் 30 வயதிலிருந்து வருடா வருடம் மார்பகப் பரிசோதனையும், எல்லா வயதினருக்கும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் தேவை.

உங்கள் குழுவில் இப்படி யாராவது இருந்தால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகப் பேசி, எந்தக் கட்டியாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், கூட வருகிறோம். போகும்போது பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.