நெய் வேடம் பூண்ட எண்ணெய்

நாம் உண்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், இவ்வடநாட்டுக்குப் படிக்க வந்து விடுதியில் பூரி உண்ணும் வரையில். பூரி ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் இருந்தது. சமையற்காரரைக் கேட்டேன். "வனஸ்பதி, பையா!" என்றார்.

இரசாயன மாணவனாகிய எனக்குக் காரணம் விளங்கிற்று. தாவர எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளின் துணைகொண்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டிப்படும். உடற்சூட்டை ஒட்டியே உருகுவதால் வாயில் படிகிறது. அவ்வினை முற்றுப்பெறாதபோது சில மூலக்கூறுகள் வடிவம் மாறி 'டிரான்ஸ்' கொழுப்பாகின்றன. அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும்.

இப்பொருள் நம் அடுக்களைக்குள் எப்படி நுழைந்தது? நெய்யின் விலை அதிகம். அதன்மேல் ஆசையோ எல்லோருக்கும் உண்டு. 1937இல் டால்டா வந்தது. நெய்யைப் போலவே மணல்மணலாக உறையச் செய்தார்கள். வீட்டுக்குச் சிறு டப்பா, உணவுச் சாலைக்குப் பெருந்தகரம் என்று பிரித்து விற்றார்கள். விளம்பரம் ஓயவில்லை. நாளடைவில் அதன் பெயரே வனஸ்பதிக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று.

அரசாங்கம் என்ன செய்தது? நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஐயத்துக்குரிய நெய்யுடன் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால், கலந்திருக்கும் நல்லெண்ணெய் செந்நிறம் காட்டிவிடும். நம் நல்லெண்ணெய் ஒற்றன் வேலை பார்த்ததை அறிந்து நகைத்தேன். ஆனால் அவ்விதி காத்தது நெய்யின் பெயரை. உண்பவனின் இதயத்தை அன்று. டிரான்ஸ் கொழுப்பின் தீங்கை 1990இல் டச்சு ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. நம் நாட்டில் அதன் வரம்பு நூற்றுக்கு 3 என்று குறைந்தது 2021இல்; 2 ஆனது 2022இல். இன்றைய வனஸ்பதியில் டிரான்ஸ் குறைந்தாலும், பாமாயிலின் நிறைகொழுப்பு மிகுதி.

விடுதி உணவுக் குழுவில் இதை எடுத்துச் சொன்னேன். "எண்ணெயை மாற்றினால் கட்டணம் ஏறுமே, ஊரில் அப்பாவுக்கு என்ன எழுதுவேன்?" என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. மலிவு என்பதுதானே வனஸ்பதியின் முதல் விளம்பரம்! ஆதலால் வாரம் மூன்று நாள் பொரிப்பதை ஒருநாளாகக் குறைத்து, மிஞ்சும் பணத்தில் கடுகெண்ணெய் வாங்கலாம் என்றேன். அடுத்த மாதம் முடிவெடுப்பார்கள்.

சுவை நாவில் மட்டும் பிறப்பதன்று. கடைத்தெருவும் சட்டமும் அதை உருவாக்குகின்றன. அவற்றோடு நம் குரலும் சேரட்டும். கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள்.